கொசுறு

இஷ்பெமிங் ஊருக்குள் நுழையும் சாலையில்
மூன்று கஞ்சாக்கடைகள்.
முன்பு அதில் ஒன்று வங்கி,
ஒன்று பிட்சாக்கடை,
இன்னொன்று என்னவென்று எவருக்கும் நினைவில்லை.
எனக்குத் தோள்பட்டையில் வலி.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினேழு வருடம்
ஈரத்துணி தூக்கிப்போட்ட தோள்.
ஆகவே மூன்றைப் பற்றியும் பேச
எனக்குத் தகுதி உண்டு.

முதல் கடை அழகு.
வெள்ளைப் பளிங்கு, நகைக்கடை விளக்கு.
ஜாடிக்கு அடியில் கண்ணாடி வைத்து
ஒன்றை இரண்டாகக் காட்டுவார்கள்.
மொட்டைத் தொட விடமாட்டார்கள்.
முகர்வதற்கு மூடியில் ஊசித்துளை இருக்கிறது.
மூக்கை வைத்தால்
எனக்கு முன்னால் முகர்ந்தவர் குடித்த காபிதான் வருகிறது.
எட்டில் ஒரு அவுன்ஸ் நாற்பத்தைந்து டாலர்,
வரி தனி.
பளிங்குக்கு நான் எதற்குப் பணம் கட்டவேண்டும்?

இரண்டாவது மலிவு. அதைச் சொல்லியே ஆகவேண்டும்.
இருபதுக்குக் கிடைக்கும், செவ்வாயன்று பதினைந்து.
வீட்டுக்கு வந்து பிரித்தால்
விரலிடுக்கில் மூக்குப்பொடி.
சீட்டைத் திருப்பினேன்:
பொட்டலம் கட்டியது போன வருடத்துப் பிப்ரவரி.
கருவாட்டுக்கே அவ்வளவு ஆயுள் கிடையாது.
போய்க் கேட்டால் கவுண்டர்ப் பையன் லெனக்ஸ்,
“சதவீதத்தைப் பாருங்க மேடம், முப்பத்தொண்ணு” என்கிறான்.
தம்பி,
பரீட்சையில் வைக்கோலும் நல்ல மார்க் வாங்கும் போல.

மூன்றாவதில்தான் இப்போது வாங்குகிறேன்.
முப்பத்திரண்டு.
எலுமிச்சைத் தோல், ஈர மரப்பட்டை,
கொஞ்சம் டீசல்.
கிள்ளினால் விரலில் ஒட்டுகிறது.
குறை இல்லாமல் இல்லை.
சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன்,
மூன்றரை கிராமில்
கால் கிராமைக் காணோம்.
“காயக் காய எடை குறையும்” என்றாள் கடைக்காரி மர்லிஸ்.
விலை மட்டும் ஏன் காய்வதில்லை என்றேன்.
சிரித்துவிட்டு ஒரு தீப்பெட்டி கொடுத்தாள்,
கடைப்பெயர் அச்சடித்தது.

ஓர்வோ கங்காஸிடம் வாங்கிய காலத்தில்
தராசே கிடையாது.
சுரங்கத்து ஷிப்டு முடிந்ததும்
தூண்டில் கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தியிருப்பார்.
என்ன வகை என்று கேட்டால்
“பச்சை” என்பார்.
பணத்தை எண்ணமாட்டார்.
பையை முடிச்சுப் போட்ட பிறகு
மறுபடி பிரித்து
ஒரு கிள்ளு சேர்த்துப் போடுவார்.
கொசுறு.
அந்தக் கிள்ளையும் சேர்த்து நிறுத்துத்தான்
கோர்ட்டில் பதினாலு மாதம் போட்டார்கள்.

நேற்று மூன்றாவது கடை வாசலில்
பனி தள்ளிக்கொண்டிருந்தார் ஓர்வோ.
மணிக்கூலி.
“எவ்வளவு?” என்றார் என் பையைப் பார்த்து.
சொன்னேன்.
மண்வாரியில் சாய்ந்து
இருமல் வரும்வரை சிரித்தார்.
பிறகு கையுறையைக் கழற்றி
ஜாடியை வாங்கித் திறந்து
கண்ணை மூடிக்கொண்டார்,
வெகுநேரம்.
“பத்து நாள் முன்னாலயே அறுத்துட்டாங்க.
அவசரத்துல உலர்த்தியிருக்காங்க.
ஆனா செடி நல்ல செடி.”
மூடித் திருப்பிக் கொடுத்தார்.
மூன்று கடையிலும்
ஒருவரும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

மூடியைத் திறந்தேன்.
ஒரு கிள்ளு எடுத்து
அந்தத் தீப்பெட்டிக்குள், குச்சிகளின் பக்கத்தில் வைத்து
அவர் கோட்டுப் பையில் போட்டேன்.
“எடை பார்த்தியா?” என்றார்.
இல்லை என்றேன்.
கையுறையை மாட்டிக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து தள்ளத் தொடங்கினார்.
வண்டிக் கதவை இழுக்கும்போது
தோள் வலித்தது.